யார் மீதும் சந்தேகம் இல்லை

கண்ணு,

நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம் சேலத்தில் உன் மாமனார் வீட்டில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டே என்னோடு வீடியோவில் பேசினாய். அதனால் நலம் விசாரிக்கும் வேலையை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் நீ எப்போதுதான் கையெழுத்துப் போடுவாய்? ஞாயிற்றுக்கிழமை நீயும் கல்பனாவும் பெங்களூருக்குக் குடி போகிறீர்கள். இன்று வியாழன். போன மாதமே விண்ணப்பத்தை வாங்கி உன் கையில் கொடுத்தேன். "பாக்கறேங்கப்பா" என்றாய். கல்யாண விருந்து, மறுவீடு என்று வந்து போனதில் அதை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு டிவி பெட்டிக்கு அடியில் அது கிடந்தது. பெட்டி ஆடாமல் நிற்பதற்கு நான்காக மடித்து முட்டுக் கொடுத்திருந்தாய். உன்னை என்ன செய்தால் தகும்?

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னேனே! போனில் சொன்னால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். குரலைப் பதிவு செய்து அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய். நான் அவ்வளவு பொறுமையாக, நிறுத்தி நிறுத்திப் பேசி அனுப்பியதெல்லாம் உன் போனில் கோழி கொத்துவதுபோல் கேட்டதை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காகிதத்தை இரட்டை வேகத்தில் ஓட்ட முடியாது. அதனால்தான் எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக முப்பது வருஷம் ஆள் வருகை மஸ்டர் எழுதிய இதே பேனாவால் எழுதுகிறேன். புது விண்ணப்பம் ஒன்றும் இதோடு வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டங்களையும் நானே நிரப்பிவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நீயே வாங்கிக்கொள். கல்பனாவின் அப்பாவை அனுப்பாதே.

நீ என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறாய் என்பதை ஒரு தடவை நினைத்துப் பார். கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, லேப்டாப், புதுப் போன். இதில் பாதி எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். கல்பனா கழுத்தில் தாலி ஏறிய அடுத்த மாதமே தன் கையில் இருந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். "அவருக்குத் தொழில் நடக்கட்டுங்க மாமா, வளையலுக்கு என்ன இப்ப" என்றாள். உன் அம்மா அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதாள். அந்தப் பெண்ணின் வளையல்களைத்தான் நீ ஒரு துணிப்பைக்குள் போட்டு, பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இறங்கினாய். எஸ்டேட் ஜீப் டிரைவர் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். "ரைட்டரே, உங்க பையன் போன போக்குல பையி பக்கத்துச் சுவத்துல ஒரசிக்கிட்டே போச்சுங்க" என்றார். நான் அவரிடம் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

இதுவரை உன் கையில் என்னென்ன போயிருக்கிறது என்ற கணக்கும் எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் போன் ஏற்காடு ஏரியில் போனது. பெடல் படகில் எழுந்து நின்று படம் எடுக்க வேண்டாம் என்று படகுக்காரர் கத்தியும் நீ நின்றாய். போனைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஈரமான போனை அரிசியில் புதைத்து வைத்தால் சரியாகும் என்று யாரோ உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அரிசி டப்பாவில் அடி மட்டும்தான் இருந்தது என்று அவள் போனைக் கேழ்வரகு மாவில் புதைத்தாள். மூன்று நாள் கழித்து எடுத்தபோது சார்ஜர் குத்தும் ஓட்டையில் களி கிண்டி வைத்ததுபோல் இருந்தது. பஜாரில் போன் கடை வைத்திருக்கும் ஜமால் பாய் அதைப் பார்த்துவிட்டு, "ரைட்டர் சார், இதை ரிப்பேர் பண்ண முடியாதுங்க, சுட்டுத்தான் திங்கணும்" என்றார். இரண்டாவது, காதில் மாட்டும் அந்த விலையுயர்ந்த ஹெட்போன். மலை விளிம்பில் ஊர் பார்க்கிற அந்த லேடீஸ் சீட் பாறையில் உட்கார்ந்து குரங்கு கையில் கொடுத்தாய். கொடுத்தாய் என்றுதான் சொல்வேன். மடியில் கடலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டால் வேறு என்ன நடக்கும்? குரங்கு எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டா, சேதமா என்று பிறகு ஒருநாள் ஜமால் பாயிடம் நிஜமாகவே கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

சரி, நான் மட்டும் என்ன ஒழுங்கு என்று உன் அம்மா எனக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டுக் கேட்கிறாள். அதையும் எழுதிவிடுகிறேன். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினில் பழம் அடைத்துக்கொண்டது என்று குனிந்து பார்த்தபோது சட்டைப் பையில் இருந்த என் போன் உள்ளே போய்விட்டது. தோல் உரிந்த கொட்டையோடு கொட்டையாக மறுபக்கம் வந்தது. அந்தப் போனுக்கு இன்சூரன்ஸ் போடுங்கள் என்று அதை வாங்கிய அன்றே ஜமால் பாய் சொன்னார். "நான் எங்கீங்க பாய் போகப் போறேன், ஆபீசும் ஊடும்தானே" என்று பெரிய மனுஷன்போல் சொல்லிவிட்டு வந்தேன். பொருளைத் தொலைப்பதற்கு ஊர் சுற்றத் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆக நான் உத்தமன் இல்லை. ஆனால் என் போன் போனால் என் வேலை நிற்காது. உன் கேமரா போனால் ஒரு வீட்டுக் கல்யாணம் படமில்லாமல் போகும். அதன் பிறகு உன்னை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அதனால் இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. ஜமால் பாய் கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, பாலிசியின் நிபந்தனைகள் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். போன் வாங்கும்போது கூடவே கொடுக்கிறார்களே, அந்தப் பாதுகாப்புத் திட்டம் உனக்குப் போதாது. அது சொந்த உபயோகத்துக்கு. நீ சம்பாதிப்பதற்காகப் பயன்படுத்துகிறாய். அதற்குத் தொழில் கருவிகளுக்கான பாலிசிதான் வேண்டும். கீழே விழுந்தாலும், தண்ணீரில் நனைந்தாலும், திருடு போனாலும் அதில் கிடைக்கும். ஆனால் காரின் பின் சீட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் கிடைக்காது. மண்டபத்தில் நாற்காலி மேல் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனாலும் கிடைக்காது. ஒவ்வொரு பொருளின் அடியிலும் இருக்கும் எண்ணை எழுதித் தர வேண்டும், பில் வேண்டும், படம் வேண்டும். ஊர் முழுக்கப் படம் எடுக்கிற நீ உன் கேமராவை ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. போன தடவை வந்து தூங்கிக்கொண்டிருந்தாயே, அப்போது உன் பையைத் திறந்து எண்களை எல்லாம் நான்தான் குறித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் பரவாயில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நீ எனக்கு என்ன பதில் சொன்னாய்? "அந்தக் கம்பெனிக்காரனுங்க அத்தனை பேரும் ஏமாத்துக்காரனுங்கப்பா. நம்ம லேப்டாப்புக்கு என்ன பண்ணானுங்கன்னு மறந்துட்டீங்களா? திருட்டுப் போனதைக் காணலைன்னு எழுதி அந்தப் போலீஸ்காரர் வேலையை மிச்சம் பண்ணிக்கிட்டாரு. அதை வெச்சுக் கம்பெனி கைய விரிச்சுட்டான். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, நீங்க நொம்ப வெள்ளந்தி" என்றாய். இது முதல் தடவை இல்லை. மூன்று வருஷமாக இதையே சொல்கிறாய். உன் நிச்சயதார்த்தத்தன்று கல்பனா வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, "எங்கப்பாவ ஏமாத்தறது நொம்ப சுலபங்க" என்று சிரித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னாய். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் இருந்த ஜிலேபியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டேன்.

இப்போது விண்ணப்பத்தை எடுத்துப் பார். பதினொன்றாம் கட்டத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இதற்கு முன் நீங்கள் கேட்ட இழப்பீடு எதுவும் மறுக்கப்பட்டதா, ஆம் என்றால் காரணம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் பொய் எழுதினால் நாளைக்குப் பொருள் போகும்போது பாலிசியே செல்லாது என்று நிபந்தனையில் தெளிவாகப் போட்டிருக்கிறது. பத்துக் கட்டம் வரை மளமளவென்று எழுதிவிட்டு இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இரண்டு நாள் எழுதவில்லை. உன் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி என் மேல் இருக்க வேண்டிய கோபம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ விண்ணப்பத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். ஜனவரி மாதம், பழம் பறிப்பு மும்முரமாக நடந்த சமயம். நீ சேலத்திலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தாய். லாட்ஜ் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கும் தொழிலில் இறங்கப் போவதாகச் சொல்லி, சேர்த்து வைத்திருந்ததில் வாங்கிய புது லேப்டாப்பை எங்களுக்குக் காட்டினாய். அதற்கு இன்சூரன்ஸ் போட்டிருப்பதையும் நீயேதான் பெருமையாகச் சொன்னாய். ஆமாம், அந்தக் காலத்தில் நீ என்னைவிடப் பொறுப்பானவனாக இருந்தாய். அன்று மதியம் நீ ஏற்காடு பஜாருக்குப் போனாய். நான் ஆபீசில் இருந்தேன், உன் அம்மா கொல்லைக் காட்டில் இருந்தாள். கதவின் நாதாங்கியில் எப்போதும்போல் குச்சியைச் செருகியிருந்தாள். நம் பக்கத்தில் அந்தக் குச்சிக்கு என்ன அர்த்தம் என்று நீ பிறந்ததிலிருந்து அறிவாய். வீட்டில் ஆள் இல்லை, வேண்டுமானால் குச்சியை எடுத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம், போகும்போது திரும்பச் செருகிவிட்டுப் போ என்பதுதான். பழம் பறிக்கும் பெண்கள் எல்லோருக்கும் நம் வீட்டுக் குடம்தான். சாயங்காலம் நாங்கள் வந்து பார்த்தபோது குச்சி அதன் இடத்தில் இருந்தது. சார்ஜர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. லேப்டாப் இல்லை. காணாமல் போகிற லேப்டாப் சார்ஜரைத் தானே கழற்றி வைத்துவிட்டுப் போகாது. அது திருட்டு என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை.

மறுநாள் விடிந்தால் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு நீ படம் எடுக்க வேண்டும். வாடகைக் கேமராவோடு நீ போயே ஆக வேண்டும். "நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ கிளம்பு" என்று உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த ஏட்டு என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகக் கேட்டார். "ஏனுங்க, திருட்டுன்னு எழுதறீங்களா, காணலைன்னு எழுதறீங்களா? திருட்டுன்னா எஃப்.ஐ.ஆர். போடுவோம். ஊட்டுக்கு வந்து போனவங்க அத்தனை பேரையும் கூப்பிட்டு விசாரிப்போம். இன்சூரன்ஸ் கீது இருந்துச்சுன்னா திருட்டுன்னே எழுதிக் குடுங்க, இல்லாட்டிப் பணம் வராது" என்றார். நன்றாகக் கவனி. அந்த மனிதர் எனக்குச் சரியான வழியைச் சொன்னார். மூன்று வருஷமாக நீ திட்டிக்கொண்டிருக்கிற அதே மனிதர்.

எனக்கு அப்போது கண்முன் வந்தது சின்னப்பொண்ணுதான். உன் அம்மா டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பழம் பறித்தவள். அன்று மதியம் நம் வீட்டில் தண்ணீர் குடித்தவர்களில் அவளும் உண்டு. அவளோடு இன்னும் ஏழெட்டுப் பேர். தினமும் காலையில் நான் பெயர் கூப்பிட, "இருக்கறனுங்க" என்று கை தூக்குகிற பெண்கள். அவர்களை ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிற்கவைத்துவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு மஸ்டர் கூப்பிடுவது? நான் காகிதத்தை வாங்கி என் கையாலேயே எழுதினேன். வீட்டில் வைத்திருந்த லேப்டாப்பைக் காணவில்லை, யார் மீதும் சந்தேகம் இல்லை, கண்டுபிடித்துத் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன். ஏட்டு அதைப் படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். யோசித்துத்தான் என்றேன். உன்னை யோசிக்கவில்லை. அதுதான் உண்மை.

கம்பெனியிலிருந்து கடிதம் நம் நாகலூர் வீட்டு முகவரிக்குத்தான் வந்தது. உனக்குப் போனில் படித்துக் காட்டினேன். பூட்டு உடைக்கப்பட்ட அடையாளம் இல்லை, புகாரில் திருட்டு என்று இல்லை, ஆகவே இழப்பீடு இல்லை. நீ கொதித்துப் போய், "அந்தப் போலீஸ்காரர்தானே அப்படி எழுதுனாரு?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு "ம்". அந்தப் பணம் வந்திருந்தால் நீ அடுத்த மாதமே இன்னொரு லேப்டாப் வாங்கித் தொழிலைத் தொடங்கியிருப்பாய். வரவில்லை என்பதால் திரும்பவும் அந்த லாட்ஜ் ரிசப்ஷனில் போய் நின்று, வருகிறவர்களுக்கு எல்லாம் ரூம் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு இரண்டு வருஷத்தைக் கழித்தாய். உன் வயதுக்கு இரண்டு வருஷம் பெரியது. தீபாவளிக்கு வந்தபோது உன் முகத்தைப் பார்த்து அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. நல்ல காரியத்துக்காகத்தானே செய்தோம், ஏழைப் பெண்களைக் காப்பாற்றினோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். மன்னித்துவிடு கண்ணு. இதை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தச் சமாதானமும் நேற்றோடு போய்விட்டது. புது பாலிசியிலும் வீடு பூட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நீ லீவுக்கு வந்தால் கேமராவை எங்கே வைப்பாய், இந்தக் குச்சிக் கதவுக்குள்தானே? அதனால் ஜமால் பாய் கடையிலேயே ஒரு பூட்டு வாங்கினேன். முன்பக்கம் போன் விற்றாலும் பின்பக்கத்தில் ஆணி, கீல், பூட்டு எல்லாம் அவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. உன் அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஏனுங்க, ஊட்டப் பூட்டுனா ஊர்ல என்னங்க நெனப்பாங்க? நாம என்ன நகைக்கடையா வெச்சிருக்கோம்?" என்று இரண்டு வேளை சோறு போடும்போதும் கேட்டாள். நேற்று மதியம் நான் எதற்கோ வீட்டுக்கு வந்தபோது சின்னப்பொண்ணு வாசலில் நின்று பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டில் வேலை முடித்துத் தண்ணீர் குடிக்க வந்தவள். கையில் சோறு கொண்டுவந்த தூக்குப்போசி.

"ஏனுங்க ரைட்டரே, ஊட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கறீங்க?" என்று கேட்டாள். பையன் கேமராவுக்கு இன்சூரன்ஸ் போடுகிறோம், அதற்காக என்று சொன்னேன். சொல்ல வந்தவன் நிறுத்த முடியாமல் ஸ்டேஷன் கதையையும் சொன்னேன். உங்களை எல்லாம் வம்பில் மாட்டிவிடக் கூடாது என்றுதான் அன்றைக்குத் திருட்டு என்று எழுதவில்லை என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

அவள் தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். "எழுதியிருக்கலாமுங்க" என்றாள். "எழுதியிருந்தா போலீஸ் கூப்பிட்டிருக்கும். ஒரு நாளு போயி நின்னு, எடுக்கலைன்னு சொல்லிப்போட்டு வந்திருப்போம். அன்னிக்கே முடிஞ்சு போயிருக்கும். நீங்க எழுதலை. அதுக்கப்புறம் நாங்க தண்ணி குடிக்க உள்ள வந்தா, பின்னாலயே வந்து நிக்கறீங்க. நீங்க இல்லாட்டி அம்மா வந்து நிக்குது. உள் ரூம்புக் கதவைச் சாத்தி வெக்கறீங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா? மூணு வருசமா தெனமும் மஸ்டர் கூப்பிடறப்ப ஒவ்வொருத்தி மூஞ்சியாப் பாக்கறீங்க ரைட்டரே. போலீஸ்னா ஒரு நாளுங்க."

யார் மீதும் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன், அன்று முதல் எல்லோர் மீதும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னிடமும் மறைத்தேன், அவர்களையும் காப்பாற்றவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம். அவள் தண்ணீர் கேட்கவில்லை. நானாகப் பூட்டைத் திறந்து, செம்பில் மொண்டு கொடுத்தேன். அவள் செம்பை வாங்கவில்லை. "நானே எடுத்துக்கறனுங்க" என்று உள்ளே போய்க் குடத்திலிருந்து எடுத்துக் குடித்தாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போகவில்லை.

அந்தப் பூட்டுக்கு மூன்று சாவி கொடுத்தார்கள். ஒன்று உன் அம்மாவின் முந்தானையில் இருக்கிறது. ஒன்று இந்த உறைக்குள் இருக்கிறது, அது உனக்கு. அதையாவது தொலைக்காமல் வைத்துக்கொள். சாவிக்கு இன்சூரன்ஸ் கிடையாது, கேட்டுவிட்டேன். மூன்றாவதைச் சின்னப்பொண்ணுவிடம் கொடுத்துவிட்டேன். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அவளிடம் வாங்கிக்கொள்வார்கள். இன்னாரிடம் சாவி இருக்கக் கூடாது என்று பாலிசியில் எங்கேயாவது இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் வேறு பாலிசி தேடியிருப்பேன். உன் அம்மா நான் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "சாமி, வேளாவேளைக்குச் சாப்பிடு, கல்பனாவத் திட்டாதே" என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

பெங்களூரில் முதல் வேலையாக, எடுக்கும் படங்களை எல்லாம் இரண்டு இடத்தில் சேமித்து வை. கம்பெனி கேமராவுக்குத்தான் பணம் தரும், யார் வீட்டுத் தாலி கட்டும் படத்தையும் திருப்பித் தராது. பையை உடம்போடு மாட்டு, ஹேண்டிலில் மாட்டாதே. எதுவாவது போய்விட்டால் அன்றைக்கே, நீயே, நேராக ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு. யாருக்காகவும் எதையும் மாற்றி எழுதாதே. நல்ல மனசோடு என்று நினைத்துக்கொண்டும் எழுதாதே. அடுத்த முறை ஏற்காடு வரும்போது அந்த ஏட்டை நேரில் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வா. அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். நானும் கூட வருகிறேன். கல்பனா வீட்டில் நான்தான் வெள்ளந்தி என்று இனிமேல் சொல்லாதே. சொல்வதாக இருந்தால் முழுக் கதையையும் சொல்.

பதினொன்றாம் கட்டத்தை இன்று காலை நிரப்பிவிட்டேன். இடம் சின்னது, எழுத்தைக் குறுக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. "ஆம். வீட்டிலிருந்து திருடு போன லேப்டாப்பை விண்ணப்பதாரரின் தந்தை காணவில்லை என்று எழுதிக் கொடுத்ததால் மறுக்கப்பட்டது." அதற்கு நேர் கீழே உன் கையெழுத்துக்கான கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேல் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள்: மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று நான் அறிவேன். இதுவரை நீ அறியவில்லை, அது என் தப்பு. இப்போது அறிந்துவிட்டாய்.

கையெழுத்துப் போடு.

அப்பா